முதல் நன்மைச் சட்டைக்கு ஒரு துணி

எனக்குத் தெரிந்த துணி இரண்டு வகை. உடுத்துகிற துணி ஒன்று, வள்ளம் துடைக்கிற துணி ஒன்று. முதலாவது கிழிந்தால் இரண்டாவதாகும். நாற்பது வயது தாண்டும்வரை இந்த அறிவை வைத்துக்கொண்டு ஒரு குறையுமில்லாமல் வாழ்ந்தேன். இப்போது எனக்குப் பொப்ளின் தெரியும், வொயில் தெரியும், சற்றின் தெரியும். எனக்கு இதெல்லாம் தெரியும் என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் இதைப் பேர் போடாமல் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துத் தீவுகளில், ஊர்காவற்றுறைப் பக்கத்தில் கடற்கரையோடு எங்கள் வீடு. எங்கள் சனத்துக்குக் கடல்தான் சோறு. ஒரு நாள் வலை இழுக்கையில் கயிறு கையில் சுற்றிக்கொண்டு சுண்டியதில் என் வலது தோள் கழன்றது. கழன்றதைப் பூட்டினார்கள், பூட்டினாலும் பழைய தோள் திரும்பி வரவில்லை. இனிப் பாரம் இழுத்தால் கை வழங்காமல் போகும் என்று டொக்டர் சொன்னார். வள்ளத்தை மைத்துனரிடம் கொடுத்தேன். மனைவி நண்டு உடைத்துச் சதை எடுக்கிற கம்பனிக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். விடியக் கம்பனி வான் சந்தியில் வந்து நின்று ஹோர்ன் அடிக்கும்; அவள் தலையைக் கட்டிக்கொண்டே ஓடுவாள். நான் குசினி வாசலில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்று பார்ப்பேன். அந்த நேரம் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்க எனக்கு விருப்பமில்லை.

பகலில் வீட்டில் மிஞ்சியது நானும் அவளுடைய தையல் மெசினும். சீதனத்தோடு வந்த கால் மெசின். கலியாணம் முடித்த நாளிலிருந்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அவள்தான் சட்டை தைத்துக் கொடுத்தவள். கம்பனிக்குப் போன பிறகு ஏலாமல் போயிற்று. நண்டு ஓடு விரலை வெட்டும். உப்புத் தண்ணீர் அந்த வெட்டை ஆறவிடாது. ஊசி பிடித்தால் துணியில் இரத்தப் பொட்டு விழுந்தது.

நான் முதலில் மெசினுக்கு முன்னால் போய் இருந்தது, வள்ளம் மூடுகிற கிழிந்த தறப்பாள் ஒன்றுக்காக. தறப்பாள் ஆம்பிளை வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு தலையணை உறை. உறையில் ஆணென்ன பெண்ணென்ன. பிறகு யன்னல் சீலை. இப்படிப் படிப்படியாக இறங்கி, ஒரு நாள் மகளின் பள்ளிக்கூடச் சட்டைக்குக் கீழ்விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது கதவில் தட்டிக் கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா. சட்டையை மெசினுக்குக் கீழே எறிந்துவிட்டு எண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். மெசினுக்கு எண்ணெய் விடுகிறேன் என்றேன். அதன் பிறகு ஆர் வந்தாலும் எண்ணெய்தான். தீவுப் பகுதியிலேயே அவ்வளவு எண்ணெய் குடித்த மெசின் வேறு இராது.

இதில் என்ன வெட்கம் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. கரையில் இருந்து வலை பொத்துகிறவன் கையிலும் ஊசிதான் இருக்கிறது. ஆனால் அந்த ஊசியை வெளியில், நாலுபேர் பார்க்க, பீடி பிடித்துக்கொண்டு பிடிக்கலாம். இந்த ஊசியை வீட்டுக்குள்ளேதான் பிடிக்கவேண்டும். ஊசி சிறுத்தால் ஆளும் சிறுத்துப்போவான் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராமலே தெரிந்திருந்தது. பெண்சாதி உழைக்கிறாள், புருஷன் சட்டை தைக்கிறான் என்ற கதை, கரையில் ஆம்பிளைகள் கூடி மீன் நிறுக்கிற வாடிக்குப் போனால் அங்கே எப்படிச் சிரிப்பார்கள் என்றும் தெரியும். நானும் அங்கே இருந்து சிரித்தவன்தானே.

அப்படியிருக்க மகளுக்கு முதல் நன்மை வந்தது. பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளை நெற் முக்காடு, கையில் மெழுகுதிரி. எங்கள் வீடுகளில் அது ஒரு சின்னக் கலியாணம். மகள் பிறந்த நாளிலிருந்தே அந்தச் சட்டையைத் தன் கையால் தைக்கவேண்டும் என்று மனைவிக்கு ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள் தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னால ஏலாது, ரவுணிலை குடுத்துத் தைப்பிப்பம்" என்றாள். நான் யோசிக்காமல், நான் தைக்கிறேன் என்றேன்.

யோசித்த பிறகு ஒரு நிபந்தனை போட்டேன். அம்மா தைத்த சட்டை என்றுதான் வெளியில் சொல்லவேண்டும். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. ஆர் தைத்தால் என்ன, களவெடுத்த துணியா என்று முணுமுணுத்தாள். மகளுக்குப் பிடித்திருந்தது. எட்டு வயதில் இரகசியம் என்பது இனிப்பு. அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, "ஆரும் கேட்டால் என்ன சொல்லுவீர்?" என்று கேட்டேன். "அம்மா தைச்சவா" என்றாள். கெட்டிக்காரி என்று தலையைத் தடவினேன்.

துணி வாங்க யாழ்ப்பாணம் ரவுணுக்கு நான்தான் போனேன்; மனைவிக்கு லீவு இல்லை. பஸ் மண்டைதீவுச் சந்தி தாண்டிப் பண்ணைப் பாலத்தில் ஏறும்வரைக்கும் துணிவாகத்தான் இருந்தேன். கடைக்குள் நுழைந்ததும் அந்தத் துணிவு போயிற்று. சுவர் முழுக்க வெள்ளைத் துணி. வெள்ளை என்றால் ஒரு வெள்ளை என்று நினைத்து வந்தவனுக்கு அங்கே பத்து வெள்ளை. கடையில் நின்ற பிள்ளை, "அண்ணை, அக்கா என்ன துணியெண்டு சொல்லிவிட்டவா?" என்று கேட்டாள். முதல் நன்மைக்கு என்றேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் போட்டாள். நெற் என்று ஒன்றை விரித்தாள். பார்த்தால் வலை. கண் சின்ன வலை. இதைக் கொண்டுபோய்க் கடலில் போட்டால் நெத்தலிக் குஞ்சுகூடத் தப்பாது. பிள்ளைகளின் தலையில் வலையைப் போட்டுத்தான் கோயிலுக்குக் கூட்டிப் போகிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அவள் வொயிலையும் பொப்ளினையும் காட்டினாள். இரண்டும் பருத்தி. நான் கையை எடுத்துவிட்டேன். பருத்தி என்றால் வலைக்காரனுக்கு ஆகாது. என் அப்புவின் காலத்தில் பருத்தி நூல் வலைதான். அது ஊறும், சுருங்கும், ஒழுங்காகக் காயவிடாவிட்டால் உக்கிப் போகும். நைலோன் வந்த பிறகுதான் சனம் மூச்சு விட்டது. ஊறாது, உக்காது, இழுத்தால் அறாது, உதறினால் காயும். துணிக்கும் அதுதானே நியாயம் என்று நினைத்தேன். பளபளவென்று ஒன்று கிடந்தது. சற்றின், முழுக்கப் பொலியெஸ்ரர். எடுத்து இரண்டு கையாலும் சுண்டிப் பார்த்தேன். கடைவாயில் வைத்து நூலைக் கடித்தும் பார்த்தேன். கடைப்பிள்ளை மற்றத் துணிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அறவில்லை. இதுதான் துணி, இதில் வெட்டுங்கோ என்றேன். மகளுக்குச் சட்டை வாங்கப் போய், சூடை மீன் வலைக்கு நூல் பார்ப்பதுபோலப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்து போனில் ஒரு வீடியோவைப் போட்டேன். ஒரு அம்மா தோன்றி, தையல் பழகத் தொடங்கும் அன்பான சகோதரிகளே என்று கும்பிட்டா. போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து சகோதரியாக இருந்து கேட்டேன். வழுக்கும் துணி தொடக்கக்காரருக்கு வேண்டாம், முதலில் பருத்தியில் பழகுங்கள் என்று அந்த அம்மா சொன்னா. உங்களுக்குக் கடலில் போன அனுபவம் இல்லை அம்மா என்று எண்ணிக்கொண்டு சற்றினை நிலத்தில் விரித்தேன். அது விலாங்கு. ஒரு பக்கத்தைப் பிடித்தால் மறுபக்கம் ஓடும். குண்டூசி குத்தினால் குத்திய ஓட்டை அப்படியே நிற்கும். வெட்டிய ஓரம் கண்ணுக்கு முன்னாலேயே நூல்நூலாகப் பிரிந்துகொண்டு போயிற்று. எப்படியோ வெட்டி, எப்படியோ தைத்தேன். தையல் நேராக ஓடவில்லை, சுருக்கு விழுந்தது. அயன் பண்ணினால் சரியாகும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் மகளுக்குப் போட்டுப் பார்த்தோம். பார்க்க மினுங்கிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சொறிந்தாள். பிறகு கக்கத்தைச் சொறிந்தாள். வியர்வை முதுகால் ஓடியது. அந்தத் துணி ஒரு சொட்டைக்கூடக் குடிக்கவில்லை. ஊறாத துணி வேண்டும் என்று தேடி எடுத்தவன் நான். கழுத்தைச் சுற்றிச் சிவந்து தடித்துப்போயிருந்தது. மேல் எரியுது என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒரு நாளைக்குத்தானே, பொறுத்துக்கொள்ளும் என்றேன். பிள்ளையின் கழுத்தைவிட என் துணி எனக்குப் பெரிதாகப் பட்டது. அவளும் சரி என்று தலையாட்டினாள். இதை எழுதும்போது எனக்கு முகம் சுடுகிறது.

என் புத்தியைத் திருத்தியது அயன்பெட்டி. பள்ளிக்கூடச் சட்டைக்கு வைக்கிற சூட்டிலேயே அதை வைத்தேன். புகை இல்லை, நெருப்பு இல்லை. முன்பக்கத்தின் நடுவில் துணி சுருண்டு இழுத்துக்கொண்டு அயன்பெட்டியோடு ஒட்டிவிட்டது. எடுத்தபோது உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் விளிம்பு உருகி, மணிமணியாக இறுகிப்போயிருந்தது. அந்த மணியைத் தடவிப் பார்த்தவுடன் விளங்கியது. நைலோன் கயிற்றை வெட்டினால் நுனி பிரியாமலிருக்க லைட்டரால் சுட்டு உருக்கி அடைப்பது எங்கள் வழக்கம். சின்ன வயதிலிருந்து ஆயிரம் கயிற்று நுனி சுட்டிருப்பேன். பருத்தி எரிந்து சாம்பலாகும், நைலோன் இனம் உருகி மணியாகும் என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. தெரிந்த விஷயம்தான் என் கண்ணுக்கு முன்னால் சட்டையாகத் தைபட்டுக் கிடந்தது. அது வீட்டுக்குள் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

மனைவி பின்னேரம் வந்து ஓட்டையைப் பார்த்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து, இன்னும் நாள் இருக்கிறது, போய் வேறு துணி எடுங்கோ என்றாள்.

அதே கடைக்குத் திரும்பவும் போனேன். அதே பிள்ளை. இந்த முறை துணியைக் கடிக்கவில்லை. அக்காவுக்கு அந்தத் துணி சரிவரவில்லை என்று பழியை மனைவியின் தலையில் போட்டேன். மேலுக்கு வொயில், அது மெல்லிசு, காற்றுப் போகும், ஆனால் வெளிச்சத்தில் உடம்பு தெரியும். அதனால் உள்ளுக்குப் பொப்ளின் லைனிங் கொடுக்கவேண்டும் என்று அவள் விளங்கப்படுத்தினாள். இரண்டையும் வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினாள். பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும், அதனால் வெட்ட முன்னம் நனைத்துக் காயவைக்கவேண்டும் என்றாள். "அக்காட்டைச் சொல்லுங்கோ, மறந்துபோடாமல்" என்றாள். சொல்லுறன் என்றேன். கரை எந்தப் பக்கம் என்று பார்த்து நெடுக்காக வெட்டவேண்டும் என்றாள். அதையும் சொல்லுறன் என்றேன். மெல்லிய ஊசி ஒரு பக்கெற்றும் தந்தாள். அக்காவுக்கு நான் சொல்லவேண்டியவை வீடு வந்து சேர்வதற்குள் மறந்துவிடுமோ என்று பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் நான் செபமாலை சொல்கிறேன் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி இருந்தார்.

இந்த முறை துணி என்னோடு ஒத்துப்போயிற்று. துணியின் இரண்டு பக்கத்திலும் நெருக்கி நெய்த ஓரம் இருக்கிறதே, அதற்குப் பேர் கரை. அந்தச் சொல்லைக் கேட்டதுமே எனக்குப் பயம் பாதி போய்விட்டது. கரை தெரிந்தால் திசை தெரியும். கரையோடு ஒட்டி நெடுக்காக இழுத்தால் துணி அசையாது. குறுக்காக இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும். மூலைக்கு மூலை இழுத்தால் பனியன் துணி மாதிரி நீளும். வலைக்கும் இப்படித் திசை உண்டு. மாறிக் கட்டினால் கண் விரியாது. வொயிலை நனைக்க முன்னம், இது எத்தனை விரல் சுருங்குகிறது பார்ப்போம் என்று அளந்து வைத்து, கொடியில் காய்ந்த பிறகு திரும்பவும் அளந்து பார்த்தேன். சுருங்கித்தான் இருந்தது. பருத்தியை நான் திட்டியதெல்லாம் உண்மை. ஆனால் அது ஊறுவதால்தானே பிள்ளையின் வியர்வையைக் குடிக்கிறது. வலைக்குக் குற்றமானது சட்டைக்குக் குணம். இவ்வளவையும் கண்டுபிடித்த சந்தோசத்தில் யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆள் இல்லை.

சட்டை நல்லாக வந்தது. நானே சொல்லக்கூடாது, ஆனால் வந்தது. மகள் போட்டுக்கொண்டு முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள், சொறியவில்லை. மனைவி உட்பக்கத்தைத் திருப்பித் தையலை விரலால் தடவிப் பார்த்தாள். என்னைவிடத் திறமாய்த் தைச்சிருக்கிறியள் என்றாள். எனக்கு அது புகழ்ச்சியாகவும் இருந்தது, எங்கேயோ குத்தவும் செய்தது.

கோயிலில் ஒத்திகை நடந்தபோது, கை நீளம் சரியா, முழங்கால் மறைகிறதா என்று பார்க்க, ஞானப்பாடம் படிப்பிக்கிற சிஸ்டர் சட்டைகளைப் போட்டு வரச் சொல்லியிருந்தா. எங்கள் சட்டையைப் பார்த்துவிட்டு, ஆர் தைச்சது என்று கேட்டாவாம். நான் பழக்கிவிட்ட 'அம்மா தைச்சவா' பாட்டை மகள் பாடியிருக்கிறாள். பக்கத்தில் நின்ற தாய்மாரும் கேட்டார்களாம், அவர்களுக்கும் பாடியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மனைவியைச் சுற்றி ஒரே பெண்கள். கம்பனியில் மாடாய் உழைத்துவிட்டு எப்படித்தான் நேரம் கிடைக்கிறதோ என்று ஆச்சரியப்பட்டார்கள். அவள் சிரித்துச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து, செய்யாத வேலைக்குப் புகழ் கேட்க எனக்கு உடம்பு கூசுது, இனி என்னை இதுக்குள்ளை இழுக்காதையுங்கோ என்றாள். கொஞ்சம் பொறும், இந்த நன்மை முடியட்டும் என்று நான் சொன்னேன். அன்றைக்கு நான் பயந்ததெல்லாம் வாடிக்குத்தான். வேறொன்று வீட்டுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

நன்மைக்கு முதல் நாள், சனிக்கிழமை, பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். பங்குச் சுவாமியாரிடம் போய்ப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கவேண்டும்; அப்போதுதான் அடுத்த நாள் சுத்தமான மனதோடு நன்மை வாங்கலாம். காலையில் மகள் என் பக்கத்தில் வந்து கதிரையில் ஏறியிருந்து விரல் மடித்துப் பாவங்களை எண்ணினாள். அம்மாவுக்கு எதிர்த்துப் பேசியது. பக்கத்து வீட்டு நெல்லிக்காய் பிடுங்கியது. மாலைச் செபத்தில் நித்திரை கொண்டது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த விரலை மடித்தாள்.

"பொய் சொன்னது. சட்டையைப் பற்றி."

என் சிரிப்பு நின்றது. அது சின்னப் பொய், சொல்லத் தேவையில்லை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அவள் விரலை மடித்தபடியே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, இனிச் செய்யமாட்டன் எண்டு சொன்னால்தான் மன்னிப்பாம். நாளைக்கும் ஆரும் கேட்பினமே. அப்ப நான் என்ன சொல்லுறது?"

எட்டு வயதில் ஒரு பிள்ளைக்கு இருந்த பாவங்களில் ஒன்று மட்டும் அவளுடையது இல்லை. அதைச் சொல்லிக் கொடுத்து, கெட்டிக்காரி என்று தலையைத் தடவியவன் நான். நாளைக்கு நற்கருணை வாங்கிய அதே வாயால் அதை இன்னொரு தரம் சொல்லவேண்டும் என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். உண்மையைச் சொல்லும் என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சுப் போதும். வாடி முழுக்க என் கண்ணுக்கு முன்னால் வந்து இருந்தது. யோசிப்பம் பிள்ளை, வெளிக்கிடும், நேரமாகுது என்றேன். அவள் மடித்த விரலை விரிக்காமலே கதிரையிலிருந்து இறங்கிப் போனாள். கோயிலிலிருந்து வந்த பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை; நானும் பேச்சை எடுக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்தது. கோயில் முற்றத்தில் வெயில். மற்றப் பிள்ளைகள் மினுங்குகிற சட்டைகளுக்குள் வியர்த்து அழுதுகொண்டு நின்றார்கள். என் மகள் மட்டும் குளிர்ச்சியாக நின்றாள். என் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மைத்துனரும் வாடியில் தொழில் செய்கிற இரண்டு மூன்று பேரும் பக்கத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் மூத்த ஒரு அக்கா வந்து சட்டையின் கீழ்விளிம்பைத் தூக்கிப் பார்த்தா. உள்ளே லைனிங் கொடுத்திருப்பதைப் பார்த்துத் தலையை ஆட்டினா.

"என்ன வடிவான தையல். ஆர் பிள்ளை தைச்சது?"

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்காக அவள் அவ்வளவு நேரம் காத்திருந்தாள். நான் அங்கே நின்ற ஆம்பிளைகளைப் பார்த்தேன். பிறகு அவள் உதடுகளை உள்ளுக்கு மடித்து, பல்லால் கடித்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். பொய் சொல்லாமலிருக்கவும், என்னைக் காட்டிக் கொடுக்காமலிருக்கவும் அந்தப் பிள்ளைக்கு அதைவிட வேறு வழி தெரியவில்லை.

அக்கா சிரித்தா. "பிள்ளைக்கு வெக்கமாக்கும்" என்றா.

"ஓம் அக்கா," என்றேன் நான். "அவளுக்கு எப்பவும் வெக்கம்தான்."

மகள் என் கையை விட்டுவிட்டுத் தாயிடம் போனாள்.